ஆறடி ஆள், எம் சைஸ் ஃபிரேம்: சீட்டை ஏற்றினால் போதுமா?

"உயரம் ஆறடி. மூணு வருஷமா எம் சைஸ் ஹைபிரிட் சைக்கிள் ஓட்டறேன். கோரிமேட்டிலிருந்து ஏற்காடு அடிவாரம் போயிட்டு வந்தாலே முட்டியோட முன்பக்கம் வலிக்குது. சீட்டை ஏத்தி, நீள ஸ்டெம் (ஹேண்டில்பாரைத் தாங்கற முன்கட்டை) போட்டா சரியாகுமா? இல்ல ஃபிரேமையே பெரிசா மாத்தணுமா? சேலத்துல யாராவது மாத்திப் பாத்தவங்க இருக்கீங்களா?"

2024 ஆகஸ்ட் 18, காலை

மாற்றிவிடு தம்பி. நானும் ஆறடிதான், எம் சைஸ்தான், ஏழு வருஷம். சீட்டை ஏற்றிப் பார்த்தேன். 90 மி.மீ. ஸ்டெம்மைக் கழற்றி 110 போட்டேன். இரண்டும் ஒப்பேற்று வேலை. ஸ்டெம் நீண்டால் முதுகுக்கு இடம் கிடைக்கும், ஆனால் வண்டி திரும்பும் சுபாவம் மாறிவிடும். வளைவில் ஹேண்டில் மாட்டுவண்டி நுகத்தடி மாதிரி சோம்பலாகத் திரும்பும்.

என் கணக்கைச் சொல்கிறேன். உள்கால் அளவு 88 செ.மீ. அதை 0.883 ஆல் பெருக்கினால் 77.7. பிபி (பாட்டம் பிராக்கெட், பெடல் மாட்டிய கிராங்க் கைகள் சுழலும் இடம்) அச்சின் நடுவிலிருந்து சீட்டின் மேற்பரப்பு வரை அவ்வளவு வேண்டும். என் ஃபிரேமில் பிபியிலிருந்து மேலே போகும் சீட் குழாய் 46. அதற்குள் செருகும் சீட் போஸ்ட் 35 செ.மீ., அதில் குறைந்தது 10 உள்ளே இருக்க வேண்டும் என்று கோடு போட்டிருக்கிறார்கள். வெளியே 25. சீட்டின் கனம் 5. ஆக 76-க்கு மேல் ஏற முடியாது. நான் 76-லேயே நிறுத்தி ஓட்டிக்கொண்டிருந்தேன்.

ஈரோட்டிலிருந்து எல் சைஸ் ஃபிரேம் ஒன்று, ஒருவர் ஓட்டியது, வாங்கிவிட்டேன். அடுத்த வாரம் கைக்கு வரும். பழைய ஃபிரேம் அக்கா பையனுக்கு என்று சொல்லியாயிற்று.

2024 ஆகஸ்ட் 18, இரவு

உள்கால் அளவு என்றால் பேன்ட் அளவு இல்லை. அதைச் சொல்லாமல் விட்டேன். என் பேன்ட் 32 அங்குலம், அதாவது 81 செ.மீ. தையல்காரர் அளவை வைத்துக் கணக்குப் போட்டால் சீட் ஆறு சென்டிமீட்டர் பள்ளத்தில் போய்விடும்.

செருப்பில்லாமல் சுவரோடு ஒட்டி நில். கெட்டி அட்டைப் புத்தகம் ஒன்றைக் காலிடுக்கில் வைத்து, சீட்டில் உட்கார்ந்தால் எவ்வளவு அழுத்துமோ அவ்வளவு மேலே இழு. புத்தகத்தின் மேல்விளிம்பு சுவரில் எங்கே படுகிறதோ அங்கே பென்சில் கோடு. மூன்று தடவை எடு. எனக்கு 87, 88, 88 வந்தது. என் வீட்டு ஹால் சுவரில் அந்தக் கோடு இன்னும் இருக்கிறது. பொங்கலுக்கு வெள்ளையடிக்கும்போது பதில் சொல்ல வேண்டி வரும்.

2024 ஆகஸ்ட் 24

"26 இன்ச் சைக்கிள்தானே எல்லாருக்கும், அதுல எம் என்ன எல் என்ன?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். 26 என்பது சக்கரம். நாம் பேசுவது எலும்புக்கூடு.

இந்தக் குழப்பம் நம் ஊரில் முன்பு இல்லை. கறுப்பு ரோட்ஸ்டர் காலத்தில் கடைக்குப் போனாலே "இருபதா, இருபத்திரண்டா, இருபத்துநாலா" என்றுதான் கேட்பார்கள். அது சீட் குழாயின் அங்குலம். சக்கரம் பெரும்பாலும் 28. அப்பா கொலுசுப் பட்டறைக்குப் போய் வந்தது இருபத்துநாலில். செவ்வாய்ப்பேட்டை சந்துகளில் அவர் வருவது தூரத்திலேயே தெரியும், தலை மட்டும் கூட்டத்துக்கு மேலே மிதந்து வரும். அந்த வண்டியில் எனக்குப் பன்னிரண்டு வயதில் சீட் எட்டாது. பாருக்குக் கீழே காலை விட்டு அரைப்பெடல்தான். வாடகைக் கடையில் மணிக்கு ஒரு ரூபாய் கொடுத்து எடுத்தாலும் இருபத்திரண்டுதான் கிடைக்கும். அதிலும் அரைப்பெடல்.

அப்பாவின் அளவுகோல் வேறு. சீட்டை அக்குளில் இடுக்கிக்கொண்டு கையை நேராக நீட்டினால் நடுவிரல் பிபி அச்சைத் தொட வேண்டும். முழங்கையை சீட் மூக்கில் வைத்தால் விரல் நுனி ஹேண்டில்பாரைத் தொட வேண்டும். இன்றைக்கு அக்குள் முறையில் அளந்து பார்த்தேன். 76 வந்தது. 0.883 கணக்கு 77.7. ஒன்றே முக்கால் சென்டிமீட்டர் வித்தியாசம். டேப் இல்லாத மனுஷர், செருப்புப் போட்டு ஓட்டியவர். மோசமில்லை.

2024 செப்டம்பர் 1

ஃபிரேம் வந்தது. பழைய வண்டியைப் பிரிக்க ஆரம்பித்தேன். கிராங்க் வந்துவிட்டது, சக்கரம் வந்துவிட்டது, பிபி வரவில்லை. ஏழு வருஷ வேர்வையும் மழையும் உள்ளே இறங்கி, பிபியைப் பிடிக்கும் கப் ஃபிரேமோடு ஒட்டிக்கொண்டுவிட்டது.

நான் செய்த தப்பு இதுதான். செயின் பக்கத்துக் கப்பை எல்லா நட்டையும் போல இடது பக்கம் திருப்பிக்கொண்டிருந்தேன். ஸ்பேனரில் ஒன்றரை அடி ஜி.ஐ. பைப் மாட்டி, மேலே ஏறி நின்றுகூடப் பார்த்தேன். கழற்றுவதாக நினைத்து இன்னும் இறுக்கியிருக்கிறேன்.

கடைசியில் அம்மாப்பேட்டையில் நாம் வழக்கமாகப் போகும் மெக்கானிக் அண்ணனிடம் தூக்கிக்கொண்டு போனேன். பார்த்ததும் சிரித்தார். "ஏனுங்க, செயின் பக்கம் உல்ட்டா திரெட்டுங்க. ஸ்பேனரை மேல் நோக்கி நிறுத்துங்க. முன்வீல் பக்கமா தள்ளினா ரெண்டு பக்கக் கப்பும் கழலும். பெடலுக்கு அப்படியே மாத்தி, பின்வீல் பக்கமா தள்ளணும்." அவ்வளவுதான் சூத்திரம். இடது வலது யோசிக்கவே வேண்டாம். கொஞ்சம் டீசல் ஊற்றி அரை மணி நேரம் ஊறவிட்டு, டீ குடித்துவிட்டு வந்து ஒரே தள்ளு. டக்கென்று ஒரு சத்தம். கப்பின் மரைக்குள் செம்மண் மாதிரி ஒரு பொடி கொட்டியது. எனக்கு இரண்டு உள்ளங்கையிலும் கொப்புளம்.

இத்தாலிய அளவு பிபி என்றால் இரண்டு பக்கமும் சாதாரண மரைதான். நம் பக்கம் அதைப் பார்ப்பது அபூர்வம்.

2024 செப்டம்பர் 3

ஃபோர்க் குட்டை. 5 மி.மீ.

2024 செப்டம்பர் 4

நேற்று எரிச்சலில் இரண்டே வார்த்தையில் முடித்துவிட்டேன். விவரம் இது. ஈரோட்டு ஃபிரேம் ஃபோர்க் (முன்சக்கரத்தைப் பிடிக்கும் கவை) இல்லாமல் வந்தது. பழைய ஃபோர்க்கை மாட்டிக்கொள்ளலாம், முன்குழாய்க்குள் ஏறி ஸ்டெம்மோடு சேரும் அதே 28.6 மி.மீ. ஸ்டியரர் தண்டுதானே என்று நினைத்தேன். ஃபிரேம் பெரிதானால் முன்குழாயும் நீளும் என்பது மண்டையில் உறைக்கவில்லை. பழையதில் 130, இதில் 155. தண்டு 220-ல் வெட்டப்பட்டது. முன்குழாய் 155, மேலும் கீழும் பேரிங் கப் 30, ஸ்டெம் 40. கூட்டினால் 225. ஸ்பேசர் வளையம் எல்லாவற்றையும் எடுத்த பிறகும் ஐந்து குறைகிறது.

"பிடிச்சுக்கும் சார், ரெண்டு போல்ட்டுல மேல் போல்ட்டு கொஞ்சம் காத்துல நிக்கும், அவ்ளோதான்" என்றான் கடையில் நின்ற ஒரு பையன். மெக்கானிக் அண்ணன் திரும்பிப் பார்த்த பார்வையில் பையன் பஞ்சர் ஒட்டப் போய்விட்டான்.

பெரிய ஃபிரேமுக்கு மாறுகிறவர்கள் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்: ஃபிரேமோடு ஃபோர்க்கையும் சேர்த்து வாங்குங்கள். அது கிடைக்காவிட்டால் தண்டு வெட்டாத ஃபோர்க். ஃபோர்க் வாங்கும்போது சக்கர அச்சிலிருந்து கிரவுன் (கவை பிரியும் தோள்) வரை நீளம் பழையதற்குச் சமமா என்று டேப் வைத்துப் பாருங்கள். அது ஒரு சென்டிமீட்டர் நீண்டாலே முன்பக்கம் தூக்கி, முன்குழாயின் கோணம் அரை டிகிரி சாய்ந்துவிடும்.

2024 செப்டம்பர் 15

வண்டி பூட்டி முடிந்தது. செலவு கேட்டவர்களுக்கு: ஃபிரேம் 6,500, ஃபோர்க் 2,800, சீட் போஸ்ட் 700 (பழையது 27.2 மி.மீ. தடிமன், புதியதற்கு 31.6 வேண்டும்), கேபிளும் அவுட்டர் உறையும் 450, கூலி 600. மொத்தம் 11,050. இன்னும் கொஞ்சம் போட்டால் பழைய எல் சைஸ் வண்டியே முழுசாக வாங்கியிருக்கலாம் என்று வீட்டம்மா சொன்னார். கணக்கு சரி என்பதால் பதில் சொல்லவில்லை.

பின் பிரேக் கேபிள் நான்கு விரற்கடை குட்டை, கியர் கேபிளும் அப்படியே. செயின் மட்டும் அப்படியே பொருந்தியது. சைஸ் மாறினாலும் பின்பக்கக் குழாய் நீளம் பெரிதாக மாறுவதில்லை.

2024 செப்டம்பர் 22

ஓமலூர் வரை போய் வந்தேன். முட்டி வலி இல்லை. சீட் 77.7-ல், போஸ்ட்டில் இன்னும் 14 செ.மீ. உள்ளே இருக்கிறது. முன்பெல்லாம் ஹேண்டில்பார் சீட்டைவிட ஒரு சாண் கீழே கிடக்கும். இப்போது நாலு விரல்தான் வித்தியாசம். கழுத்தை நிமிர்த்திப் பார்க்க வேண்டியதில்லை, ரோட்டோரப் புளியமரம் எல்லாம் தெரிகிறது.

ஆனால் திரும்பி வரும்போது இரண்டு சுண்டுவிரலும் மரத்துப்போனது. தோள்பட்டை இறுக்கம். வழியில் மாமாங்கம் பகுதியைத் தாண்டுவதற்குள் மூன்று தடவை கையை உதறினேன்.

2024 செப்டம்பர் 23

மரத்துப்போன காரணம் கண்டுபிடித்தேன். என் முட்டாள்தனம்தான். சின்ன ஃபிரேமுக்கு ஒப்பேற்றுவதற்காகப் போட்ட 110 ஸ்டெம்மை அப்படியே பெரிய ஃபிரேமிலும் மாட்டியிருக்கிறேன். மேல்குழாயின் படுக்கை நீளம் பழையதில் 55.5, இதில் 58. ஏற்கெனவே இரண்டரை சென்டிமீட்டர் தள்ளிப் போய்விட்ட ஹேண்டிலைப் பிடிக்க நான் குப்புற விழுந்து ஓட்டிக்கொண்டிருக்கிறேன். உடல் பாரம் முழுக்க உள்ளங்கை ஓரத்தில். சுண்டுவிரலுக்குப் போகும் நரம்பு அங்கேதான் இருக்கிறது.

80 மி.மீ. ஸ்டெம்முக்குச் சொல்லியிருக்கிறேன்.

இன்னொன்றும் தோன்றுகிறது. எனக்குக் கால் நீளம், உடம்பு குட்டை. நான் உட்கார்ந்தால் பக்கத்தில் இருக்கிறவர்கள் எல்லாரும் என்னைவிட உயரம். காலை மட்டும் அளந்து "எல் சைஸ்" என்று முடிவு கட்டினேன். எனக்கு வேண்டியிருந்தது உயரம் கூடிய முன்பக்கம், நீளம் கூடிய வண்டி இல்லை. ஃபிரேம் வரைபடங்களில் ஸ்டாக், ரீச் என்று இரண்டு எண் இருக்கும். பிபி அச்சிலிருந்து முன்குழாய் உச்சி எவ்வளவு மேலே, எவ்வளவு முன்னே என்பது. அந்த இரண்டையும் பார்த்துத்தான் வாங்கியிருக்க வேண்டும். எம், எல் எல்லாம் சட்டை சைஸ் மாதிரி. ஒரு கம்பெனி எல் இன்னொரு கம்பெனியில் எம்.

2024 செப்டம்பர் 29

80 ஸ்டெம் போட்டாயிற்று. விரல் மரப்பு போய்விட்டது. ஹேண்டில் கொஞ்சம் துறுதுறுவென்று இருக்கிறது. ஒரு வாரத்தில் பழகிவிடும்.

2024 அக்டோபர் 13

ஏற்காடு. அஸ்தம்பட்டியில் கிளம்பும்போது ஐந்து மணி. அடிவாரத்தில் டீ. அங்கிருந்து இருபது கொண்டை ஊசி வளைவு. சேலம் சுமார் 280 மீட்டர், ஏற்காடு சுமார் 1,500. அந்த வித்தியாசம் முழுவதையும் தொடை வழியாகத்தான் கட்ட வேண்டும்.

முன்னால் 28 பல், பின்னால் 32. பழைய ஃபிரேமில் இதே கியரில் செங்குத்தான இடங்களில் முன்சக்கரம் லேசாகத் தூக்கும். காரணம் இப்போது புரிகிறது. சீட் குழாய் பின்பக்கம் சாய்ந்திருக்கிறது. 73 டிகிரி சாய்வில் சீட்டை நான்கு சென்டிமீட்டர் ஏற்றினால் ஒன்றேகால் சென்டிமீட்டர் பின்னாலும் போகும். முன்னால் ஹேண்டிலோ குட்டை. மலையில் நான் பின்சக்கரத்தின் மேல் உட்கார்ந்து மிதித்துக்கொண்டிருந்திருக்கிறேன். இந்தத் தடவை முன்சக்கரம் ரோட்டை விடவே இல்லை.

அறுபதடி பாலத்துக்கு முன்னால் ஒரு வளைவில் மூச்சு வாங்க நின்றேன். கைப்பிடிச் சுவரில் ஒரு குரங்குக் குடும்பம். பெரியது இறங்கி வந்து என் சீட்டின் கீழ் இருந்த பையின் ஜிப்பை, நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, பல்லால் பிடித்து நிதானமாகத் திறந்தது. உள்ளே கடலை மிட்டாய் இருப்பது எப்படித் தெரியும்? பஞ்சர் கிட்டைத் தூக்கி எறிந்துவிட்டு மிட்டாயோடு போனது. ரப்பர் சொல்யூஷன் டியூபை முகர்ந்து பார்த்து முகம் சுளித்தது தனிக் காட்சி.

அடிவாரத்திலிருந்து ஏரி வரை இரண்டு மணி இருபது நிமிஷம். பழைய வண்டியில் என் நல்ல நேரம் இரண்டு பத்து. ஆமாம், பெரிய ஃபிரேமில் பத்து நிமிஷம் தாமதம். ஃபிரேம் வயதைக் குறைக்காது. ஆனால் ஏற்காடு ஒண்டிக்கடை பக்கம் இட்லி சாப்பிட்டுவிட்டு எழுந்தபோது முட்டியைப் பிடிக்காமல் எழுந்தேன். அதுதான் கணக்கு.

இறங்கும்போது பிரேக்கைத் தொடர்ந்து அழுத்திக்கொண்டே வராதீர்கள். வளைவுக்கு முன்னால் அழுத்தி, வளைவில் விட்டு, பஸ் ஹார்ன் கேட்டால் இடது ஓரம்.

2024 அக்டோபர் 14

"ஆறடி ஆளு குனிஞ்சு ஓட்டறதைப் பாத்தா ஒட்டகம் டம்ளர்ல தண்ணி குடிக்கற மாதிரி இருக்கும்" என்று எழுதிய நண்பருக்கு: பழைய ஃபிரேமில் அப்படித்தான் இருந்தேன். போட்டோ இருக்கிறது. தர மாட்டேன்.

2024 நவம்பர் 10

முதலில் கேட்ட தம்பி அளந்துவிட்டு வந்திருக்கிறார். "அண்ணா, மூணு தடவை எடுத்தேன், 83தான் வருது." அவர் ஆறடி, நான் ஆறடி. கால் ஐந்து சென்டிமீட்டர் வித்தியாசம். 83-ஐ 0.883 ஆல் பெருக்கினால் 73.3. அவர் ஃபிரேமிலும் சீட் குழாய் 46. போஸ்ட் 22 செ.மீ. வெளியே வந்தால் போதும், கோட்டுக்கு இன்னும் மூன்று மிச்சம். இப்போது சீட்டை எங்கே வைத்திருக்கிறார் என்று கேட்டேன். 68.

தம்பி, ஆகஸ்டில் "மாற்றிவிடு" என்று சொன்னதைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். ஃபிரேம் வாங்காதே. ஒரே நாளில் ஐந்து சென்டிமீட்டர் ஏற்றாதே, வாரத்துக்கு ஒரு சென்டிமீட்டராக ஏற்று. முட்டியின் முன்பக்கம் வலித்தால் பெரும்பாலும் சீட் தாழ்வு. பின்பக்கம் இழுத்தால் ஏற்றியது அதிகம். குதிகாலைப் பெடலில் வைத்தால் கீழே போகும்போது கால் நேராக நீள வேண்டும், இடுப்பு ஆடக் கூடாது. உனக்கு உடம்பு நீளம், ஆகையால் நான் திட்டிய அந்த நீள ஸ்டெம் உனக்குச் சரியாக வரலாம். என் 110 சும்மா கிடக்கிறது. ஹேண்டில் கிளாம்ப் 31.8 என்றால் வந்து வாங்கிக்கொள்.

2024 நவம்பர் 17

வந்து வாங்கிக்கொண்டு போனார். தட்டுவடை செட் வாங்கிக் கொடுத்தார். ஸ்டெம்முக்கு நல்ல விலை.

2024 டிசம்பர் 8

ஃபெஞ்சல் புயல் மழையில் மலைப்பாதையில் மண் சரிந்து போக்குவரத்தை நிறுத்தியதிலிருந்து ஏற்காடு கிடையாது. வீட்டில் இருந்தேன். அரையாண்டு லீவுக்குள் அக்கா பையனுக்கு வண்டியைத் தயார் பண்ணலாம் என்று பழைய ஃபிரேமை மாடியிலிருந்து இறக்கினேன். பிளஸ் ஒன் படிக்கிறான். அரசு கொடுத்த சைக்கிளில் கால் மடங்கித்தான் ஓட்டுகிறான். அந்த வகுப்பில் நாலே முக்கால் அடிப் பையனுக்கும் ஐந்தே முக்கால் அடி இவனுக்கும் ஒரே வண்டி.

மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்துக்கொண்டிருந்தேன். சீட் குழாய் மேல்குழாயோடு சேரும் இடத்துக்குப் பின்னால் ஒரு முடி ஒட்டியிருந்தது. துடைத்தேன், போகவில்லை. பெயிண்ட் கீறல் என்று நகத்தால் சுரண்டினேன். நகம் உள்ளே இறங்கியது. டார்ச் அடித்துப் பார்த்தால் குழாயின் பின்பாதியைச் சுற்றிக் கோடு. உள்பக்கமும் தெரிகிறது.

ஆகஸ்ட் 18 அன்று "76-லேயே நிறுத்தி ஓட்டிக்கொண்டிருந்தேன்" என்று எழுதினேன். பொய். கடைசி இரண்டு வருஷம் 77 அரையில் வைத்திருந்தேன். கோடு ஒன்றரை சென்டிமீட்டர் வெளியே தெரியும். அது அசிங்கமாக இருக்கிறதென்று கறுப்பு இன்சுலேஷன் டேப் சுற்றி மறைத்திருந்தேன். 35 சென்டிமீட்டர் தண்டில் உள்ளே எட்டரைதான். ஒவ்வொரு குழியிலும் என் 84 கிலோ அந்தக் குழாயின் வாயை நெம்பியிருக்கிறது. அந்த வண்டியில்தான் இருபது வளைவும் எத்தனை தடவை இறங்கினேன்.

பையனிடம் இன்னும் சொல்லவில்லை.

2024 டிசம்பர் 10

வெல்டிங் வைக்கலாமே என்கிறார்கள். பழைய ரோட்ஸ்டர் இரும்பு என்றால் எந்தப் பட்டறையிலும் பற்ற வைத்துவிடலாம். இது 6061 அலுமினியம். சூடேற்றிப் பதப்படுத்தியதால்தான் அந்தக் குழாய்க்குப் பலம். வெல்டிங் சூட்டில் அந்தப் பதம் ஒட்டைச் சுற்றிப் போய்விடும். மறுபடி முழு ஃபிரேமையும் உலையில் வைத்துப் பதம் ஏற்ற வேண்டும். உலைக்கு எங்கே போவது? பார்வைக்குச் சரியாகி, ஓட்டும்போது விடும். பிள்ளைக்குக் கொடுக்க முடியாது.

2025 ஜனவரி 19

பையன் பொங்கலுக்கு வந்தான். காட்டினேன். விரலால் தடவிப் பார்த்தான். "மாமா, இதுலயா ஏற்காடு இறங்கினீங்க?" என்று மட்டும் கேட்டான்.

முழுசாகக் காயலான் கடையில் போட்டால் யாராவது கழுவி, பெயிண்ட் அடித்து விற்றுவிடுவார்கள். அறுத்துப் போடலாம் என்று முடிவு பண்ணினோம். அவன் ஃபிரேமைப் பிடித்துக்கொண்டான், நான் ஹேக்ஸா பிளேடு போட்டேன். மேல்குழாய்க்குப் பத்து நிமிஷம் ஆனது, வேர்த்துவிட்டது. சீட் குழாய்க்கு முன்பக்கத்திலிருந்து ஆரம்பித்தேன். பாதிகூடப் போகவில்லை. மிச்சப் பாதி தானாகவே வாயைத் திறந்துகொண்டு, துண்டு பையன் கையில் வந்துவிட்டது.

இரண்டும் சேர்ந்து 1 கிலோ 900. கிலோ 130 போட்டார் கடைக்காரர். 247 ரூபாய்க்கு 250 கொடுத்தார்.